முசான் கொன்ற டாக்டர்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரமா இருக்கிறவங்க சேமிச்சு வச்சுட்டு ராத்திரி படிங்க.

இன்னைக்கு ஒரு ஜப்பான் பேயைப் பற்றிப் பேசப் போகிறேன். "டாக்டர், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். கடைசி வரைக்கும் வந்தால் உங்களுக்கே தெரியும்.

பேயின் பெயர் கிபுட்சுஜி முசான். "டீமன் ஸ்லேயர்" கதையின் வில்லன். கோயோஹாரு கோட்டோகே எழுதி வரைந்து, 2016 பிப்ரவரியில் தொடங்கி 2020 மே மாதம் முடிந்த மாங்கா அது. மொத்தம் 23 தொகுதிகள். 2019-இல் அனிமேவாக வந்தது. போன வருஷம், 2025 செப்டம்பர் 12 அன்று, "இன்ஃபினிட்டி காசில்" படம் தமிழ் டப்பிங்கோடு நம்ம ஊர் தியேட்டர்களுக்கும் வந்தது. உங்கள் வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. கதையின் முடிவை நான் இங்கே உடைக்கப் போகிறேன். அடுத்த படங்களுக்காகக் காத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைத் திட்டக் கூடாது.

நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். இருப்பது திருவேங்கடம். தென்காசி மாவட்டம் என்றதும் எல்லோரும் குற்றாலச் சாரலை நினைப்பார்கள். எங்கள் பக்கம் அந்தச் சாரல் எட்டாது. கரிசல் பூமி. தீப்பெட்டி ஆபீஸ், பருத்தி, சோளம், வெயில். நான் வேலை பார்க்கிற மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ஏனென்றால் சொல்லப் போவது என்னுடைய தப்பு. அது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

முதலில் முசானின் கேஸ் ஷீட்.

ஆண். வயது 20-க்குக் கீழ். ஹெயான் காலத்து ஜப்பான், அதாவது கதை நடக்கும் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்னால். கர்ப்பத்திலேயே பலமுறை இதயம் நின்று துடித்த குழந்தை. பிறந்தபோது மூச்சில்லை, செத்துவிட்டது என்று எரிக்கப் போகிற நேரத்தில் அசைந்து அழுததாம். வளர்ந்தும் படுக்கைதான். 20 வயதைத் தாண்ட மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பையனைக் காப்பாற்ற ஒரு டாக்டர் வருகிறார். நல்ல மனுஷன். புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்து முசானுக்குக் கொடுக்கிறார். கொடுக்கக் கொடுக்க உடம்பு இன்னும் மோசமாகிறது. முசானுக்கு ஆத்திரம். ஒருநாள் டாக்டர் திரும்பி உட்கார்ந்திருந்த நேரத்தில் பின்னால் இருந்து வெட்டிக் கொன்றுவிடுகிறான்.

கொன்ற பிறகுதான் மருந்து வேலை செய்தது அவனுக்குத் தெரிகிறது.

உடம்பு இரும்பாகிறது, சாவு கிடையாது. ஆனால் மனித மாமிசமும் ரத்தமும் வேண்டும், வெயில் பட்டால் எரிந்து போவான். சிகிச்சை பாதியில் நின்ற உடம்பு அது. மீதியைச் சொல்லித்தர வேண்டிய ஆளை அவனே கொன்றுவிட்டான். மருந்தில் நீலநிற ஸ்பைடர் லில்லி என்று ஒரு பூ சேர்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தப் பூவைத் தேடி ஆயிரம் வருஷம் அலைகிறான், கிடைக்கவே இல்லை. வருஷத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் பகலில் மட்டும் பூக்கிற பூ. பகலில் வெளியே வர முடியாதவன் அதை எப்படிப் பார்ப்பான்? எழுதியவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

ரத்தம் குடிக்கிற பேய் நமக்கொன்றும் புதிதில்லை. ரத்தக் காட்டேரி என்று பெயர் வைத்தே பயந்தவர்கள் நாம். ஆனால் முசான் பேயாகப் பிறக்கவில்லை. கோர்ஸ் முடிக்காத நோயாளி அவன். என் ஓபியில் தினமும் பார்க்கிற ஆள்.

இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு பையன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 19. அப்பா கேரளாவில் புரோட்டா மாஸ்டர். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவர். வளர்த்தது எல்லாம் ஆச்சி. போன வருஷம் பிப்ரவரியில் ஆச்சியோடுதான் முதலில் வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல், எடை 41 கிலோ. சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. சீட்டு எழுதினேன். தினம் 3 மாத்திரை, வெறும் வயிற்றில், 6 மாதம். "விடாம சாப்பிடணும், என்ன?" என்றேன். தலையாட்டினான். அடுத்த ஆள் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

அவ்வளவுதான் பேசினேன்.

மூன்று வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டான். கள ஊழியர் போன் போட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால், மாமா வீட்டுக்குத் திருப்பூர் போயிட்டான் என்றார்கள். ஒரு நாள் அவனுடைய சித்தப்பா ஓபிக்கே வந்து சத்தம் போட்டார். "நல்லா இருந்த பிள்ளைக்கு என்னத்தையோ குடுத்து ரத்த ரத்தமா போக வச்சுட்டீங்க. நீங்கள்லாம் டாக்டரா?"

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை, நோயாளி ஒருவரின் மகன் கத்தியால் குத்தினாரே, அது நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. அந்த மருத்துவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் யாராவது குரலை உயர்த்தினால் என் கண் முதலில் அவர் கையைத்தான் பார்க்கும். சித்தப்பாவின் கையில் ஒரு மஞ்சப்பைதான் இருந்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "ரத்தமா போச்சுன்னா என்ன, எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஜூலையில் பையன் திரும்ப வந்தான். இருமலோடு ரத்தம். கைக்குட்டை முழுக்கச் சிவப்பு. எடை 38 கிலோ.

வார்டில் படுக்க வைத்து, ரத்தம் நின்ற பிறகு, இரண்டாம் நாள் ராத்திரி ரவுண்ட்ஸில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கூட்டம் குறைவு. போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தொப்பி, சிவப்புக் கண், கோட் போட்ட ஒரு ஆள் திரையில்.

"யாருப்பா இது, மைக்கேல் ஜாக்சனா?"

சிரித்துவிட்டான். முதல் தடவையாக. "முசான் சார். வில்லன். டாக்டரைக் கொன்னுருவான்."

"ஏன் கொன்னான்?"

"மருந்து சாப்பிடச் சாப்பிட இன்னும் முடியாமப் போச்சு சார். அவனுக்கு என்ன தெரியும்? யாரும் சொல்லலை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கும் அப்படித்தான் சார். ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு. ரத்தம்னு நெனச்சு அம்மா அழுதா. வாந்தி வேற. ஆச்சிதான் சாப்பிடுல சாப்பிடுலன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் தூக்கி எறிஞ்சுட்டேன்" என்றான்.

மக்களே, இதைப் புரிந்துகொள்ளுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்று ரிஃபாம்பிசின். அதன் நிறமே செங்கல் சிவப்பு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகும். வியர்வை, கண்ணீர்கூட நிறம் மாறலாம். அது ரத்தம் அல்ல, ஆபத்தும் அல்ல. மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது என்பதன் அடையாளம். மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷ மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வான்.

எனக்குத் தெரியும். அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி.

(வாந்தி நிற்கவில்லை, கண் மஞ்சளாகிறது, பார்வையில் நிறம் மங்குகிறது என்றால் மட்டும் அது வேறு விஷயம். உடனே மருத்துவமனைக்கு வாங்க. நீங்களாக மாத்திரையை நிறுத்தி வீட்டில் உட்காராதீங்க.)

அன்றைக்கு ராத்திரி குவார்ட்டர்ஸுக்கு வந்து டீமன் ஸ்லேயரைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு மாங்காவையும் படித்து முடித்தேன். என் வயதுக்கு இது தேவையா என்று மனைவி கேட்டாள். தேவைதான்.

ஏனென்றால் முடிவில் முசானைச் சாய்ப்பதில் கத்திக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு மருந்துக்கும் உண்டு. டமாயோ என்று ஒரு பெண், அவளும் டாக்டர்தான். முசானால் பேயாக்கப்பட்டவள். அவள் ஒரு மருந்தைத் தன் உடம்போடு சேர்த்து அவனுக்குள் செலுத்துகிறாள். முசானின் உடம்பு எந்த விஷத்தையும் கொஞ்ச நேரத்தில் உடைத்துவிடும். அதனால் அவள் ஒரே மருந்தை நம்பவில்லை. நான்கு வேலை செய்கிற மருந்தைக் கலந்திருந்தாள். ஒன்று அவனை மனிதனாக்க. அவன் அதை உடைக்கப் பாடுபடும்போதே, இரண்டாவது நிமிஷத்துக்கு 50 வருஷம் என்று அவனை முதுமையாக்குகிறது. அவன் உடம்பைச் சிதறடித்துத் தப்பிக்கப் பார்த்தால் மூன்றாவது தடுக்கிறது. களைத்துப் போன நேரத்தில் நான்காவது செல்களை அழிக்கிறது.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காசநோய்ச் சிகிச்சையின் அடிப்படைக் கணக்கே இதுதான்.

நுரையீரலில் ஒரு குழி விழுந்த நோயாளிக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அதில் ஒரு சில கிருமிகள், எந்த ஒரு மருந்தை எடுத்துக்கொண்டாலும், அதற்கு இயல்பாகவே சாகாது. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, சாகாதவை மட்டும் பெருகிவிடும். பிரிட்டனில் 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் பார்த்தது இதைத்தான். முதலில் நோயாளிகள் அருமையாகத் தேறினார்கள், பிறகு பலருக்கு மருந்து கேட்காமல் போனது. அதனால்தான் இன்றைக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பூட்டால் என்று நான்கு. ஒன்றிடம் தப்பியதை இன்னொன்று பிடிக்கும்.

சரி, ஏன் 6 மாதம்? வேகமாகப் பெருகுகிற கிருமிகள் முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் காலி. காய்ச்சல் போகும், பசி எடுக்கும், கன்னம் உப்பும். "எனக்குச் சரியாப் போச்சு" என்று நோயாளி நினைக்கிற இடம் அதுதான். ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிகள் உள்ளே இருக்கும். அவற்றுக்குத்தான் மீதி நான்கு மாதம். இடையில் நிறுத்தினால் அவை எழுந்து வரும். சில சமயம் மருந்துக்கு அடங்காத கிருமியாகவே வரும்.

பாதிச் சிகிச்சையில் நிறுத்தியவனுக்கு என்ன நடக்கும் என்று ஜப்பானில் ஒருவர் 23 தொகுதி வரைந்திருக்கிறார். நான் ஓபி சீட்டில் ஒரு வரி எழுதவில்லை.

இந்த இடத்தில் நம்ம மாநிலத்துக்கு ஒரு பெருமையைச் சொல்லியாக வேண்டும். காசநோய் என்றால் ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம் உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பகுதியினரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் முடிவு வெளியானது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அந்த மையம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நோயாளி தன் வீட்டிலேயே படுத்து, வீட்டுச் சோறு தின்று குணமாகலாம் என்பது மெட்ராஸ் உலகத்துக்குக் கொடுத்த பாடம். ஆனால் வீட்டுக்கு அனுப்பினால், வீட்டில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். சிவப்பாகப் போகும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

பையனுக்கு வருகிறேன்.

ட்ரூநாட் பரிசோதனையில் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்று வந்தது. அதிர்ஷ்டம்தான். முதலில் இருந்து 6 மாதம், அதே மருந்துகள். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தோம். அம்மாவுக்கு இல்லை. ஆச்சிக்கு இருந்தது.

ஆச்சிக்குச் சர்க்கரை நோய் பல வருஷமாக. இருமலை வெளியே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "பிள்ளைக்குச் சரியாவட்டும், பொறவு பாப்போம்" என்று. மருந்து தொடங்கிப் பதினோராம் நாள், தென்காசிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது, போய்விட்டார்.

செப்டம்பர் கடைசியில் மாத்திரை வாங்க வந்தவன் படத்தைப் பார்த்துவிட்டேன் என்றான். சளியில் கிருமி இல்லை என்று வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, அதனால் தியேட்டருக்குப் போனதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் எப்படி என்றேன். சூப்பர் என்றான். போகாமல் நின்றான்.

"சார், முசான் ரத்தத்தைக் குடுத்துத்தானே மத்தவங்கள பேயாக்குவான்?"

"ஆமா."

"ஆச்சிக்கு என்கிட்ட இருந்துதானே சார் வந்துச்சு? நான்தானே முசான்?"

வெளியே எழுபது பேர் நின்றார்கள். கதவைச் சாத்தச் சொன்னேன்.

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு விவசாயி குடும்பம். அம்மா காசநோயில் செத்தாள், பிறகு மூத்த மகள், 1892 ஜனவரியில் இளையவள் மெர்சி பிரவுன். அவளுக்கும் 19 வயதுதான். மகன் எட்வினும் படுத்துவிட்டான். செத்தவர்களில் ஒருத்தி ராத்திரி வந்து வீட்டாட்களை உறிஞ்சுகிறாள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். மார்ச் 17 அன்று பிணங்களை எடுத்துப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் கிடந்த மெர்சியின் உடல் கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. அவள்தான் ரத்தக் காட்டேரி என்று முடிவு கட்டி, இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் செத்தான்.

இது நடப்பதற்குப் பத்து வருஷம் முன்பே, 1882 மார்ச் 24 அன்று, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்துவிட்டார். அந்த ஊருக்கு அதை யாரும் புரியும்படி எடுத்துச் சொல்லவில்லை.

"மெர்சி யாரையும் குடிக்கலை, தம்பி. அவளையும் கிருமிதான் குடிச்சது. உன் ஆச்சிக்கு உன்கிட்ட இருந்து வந்துச்சா, இல்ல ஆச்சிகிட்ட இருந்து உனக்கு வந்துச்சா, என்னால சொல்ல முடியாது. வயசானவங்க நெஞ்சுல இது வருஷக்கணக்குல தூங்கிட்டு, சர்க்கரை ஏறினா எந்திரிக்கும். யாரு முதல்னு எந்த டெஸ்ட்டும் இப்ப சொல்லாது. அதுக்காக நீ மாத்திரைய நிறுத்தினது சரின்னும் நான் சொல்லமாட்டேன். உன்கிட்ட செவப்பாப் போகும்னு சொல்லாம விட்டது நான்."

அவன் ரொம்ப நேரம் தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான். "அப்போ அந்த டாக்டர் முசான்கிட்ட சொல்லியிருந்தா, கொன்னிருக்க மாட்டானா சார்?"

அந்த டாக்டருக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. நோயாளியிடம் அவர் என்ன சொன்னார் என்றும் தெரியாது. முசான் கொலைகாரன், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. டாக்டரை அடிக்கிறவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனால் பையனிடம் "தெரியல தம்பி" என்றுதான் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சந்தேகம் கேட்க 1800-11-6666, கட்டணம் இல்லை. டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் விடாதீர்கள். "இதைச் சாப்பிட்டா என்னெல்லாம் ஆகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். முறைத்தால் முறைக்கட்டும்.

இந்த ஜனவரியில் பையனுக்குக் கோர்ஸ் முடிந்தது. எடை 52 கிலோ. நடுவில் எடை ஏறியதால் மாத்திரையை 3-இல் இருந்து 4 ஆக்கினோம், அப்போது மட்டும் கொஞ்சம் முனகினான். கடைசிச் சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. ரிசல்ட் வாங்க வந்த அன்றைக்கு அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் அன்றுதான் மாத்திரை தொடங்கிய ஒரு பெரியவர், கையில் மருந்துப் பொட்டலம்.

உள்ளே எனக்குக் கேட்டது.

"தாத்தா, நாளைக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போகும். பயந்துராதீங்க. அது மாத்திரை கலரு."

"செவப்பாவா? ஏம்ல, ஒனக்குப் போச்சா?"

"ஆறு மாசம் போச்சு தாத்தா."